விக் ரீசெட் யுட்டிலிட்டி: எப்சன் எல் வரிசை பிரிண்டருக்குக் காசு கொடுத்து வாங்கலாமா?

எப்சன் எல்3110, எல்3150 வகை இங்க் டேங்க் பிரிண்டர்களில் பேனலில் உள்ள இரண்டு எச்சரிக்கை விளக்குகளும் மாறி மாறி மின்னுகின்றனவா? கம்ப்யூட்டர் திரையில் "இங்க் பேடின் ஆயுள் முடிந்தது, சர்வீஸை அணுகவும்" என்ற பொருளில் ஆங்கிலச் செய்தியும் வருகிறதா? அப்படியென்றால் வேஸ்ட் இங்க் கவுண்டர், அதாவது கழிவு மையை எண்ணி வைக்கும் கணக்கு, நிரம்பிவிட்டது. டேங்கில் மை இருக்கும், பேப்பரில் மையைத் தெளிக்கும் ஹெட் நன்றாக இருக்கும், ஆனால் ஒரு பக்கம்கூட அடிக்காது. இந்தப் பூட்டைத் திறக்கக் கிடைக்கும் மென்பொருள்களில், வீட்டில் ஒரே ஒரு பிரிண்டர் வைத்திருப்பவர் நம்பி வாங்கக்கூடியது விக் ரீசெட் யுட்டிலிட்டிதான். ஆனால் வேலையில் பாதியைத்தான் அது முடித்துத் தரும். மீதிப் பாதி, கழிவு மையை உறிஞ்சி வைக்கும் பேடைக் கழுவுவதோ மாற்றுவதோ; அது பிரிண்டரின் பின்பக்கம் ஒரு ஸ்க்ரூவுக்குப் பின்னால் இருக்கிறது. அதையும் செய்ய மனம் இல்லாதவர்கள் இதை வாங்க வேண்டாம்.

முதலில் விளக்குகளைச் சரியாகப் பாருங்கள். எல்லா விளக்குகளும் ஒரே நேரத்தில் சேர்ந்து மின்னினால் அது வேறு கோளாறு. உள்ளே பேப்பர் துண்டு சிக்கியிருக்கலாம், ஹெட்டைச் சுமந்து நகரும் கேரேஜ் நகராமல் நின்றிருக்கலாம். அதற்கு எந்த ரீசெட்டும் உதவாது. இந்த வித்தியாசம் தெரியாமல், ரீசெட் செய்யக் காசுக்கு விற்கும் கீ (குறியீடு) வாங்கிப் பணத்தை வீணாக்குகிறவர்கள் நிறைய.

பிரிண்டரை ஆன் செய்யும்போதும், ஹெட் கிளீனிங் கொடுக்கும்போதும், ஹெட்டுக்குக் கீழே உள்ள கேப் வழியாக ஒரு சின்னப் பம்ப் மையை உறிஞ்சும். அந்த மை மெல்லிய குழாய் வழியாக ஃபெல்ட் துணி போன்ற பேடில் போய் விழும். பேட் எவ்வளவு நனைந்திருக்கிறது என்று பார்க்க அங்கே சென்சார் எதுவும் கிடையாது. ஒவ்வொரு வேலைக்கும் இவ்வளவு மை போயிருக்கும் என்று பிரிண்டருக்குள் இருக்கும் மென்பொருளான ஃபர்ம்வேர் ஒரு கணக்குப் போட்டு, அந்தப் புள்ளிகளை ஈஇபிராம் என்ற நினைவகச் சிப்பில் கூட்டிக்கொண்டே வரும். வரம்பைத் தொட்டதும் பூட்டிவிடும். மையில் உள்ள தண்ணீரில் ஒரு பங்கு ஆவியாகிப் போகும் என்பதால், கவுண்டர் 100 சதவீதம் காட்டும்போதும் பேடில் கொஞ்சம் இடம் இருக்கலாம். எவ்வளவு என்பது பேடை வெளியே எடுத்துப் பார்த்தால்தான் தெரியும். விக் மென்பொருளால் அழிக்க முடிந்தது சிப்பில் உள்ள எண்ணை மட்டும்தான்.

இந்த மென்பொருளின் நல்ல குணம், காசு கேட்பதற்கு முன்பே பாதி உண்மையைச் சொல்லிவிடுவது. இறக்கி நிறுவ எதுவும் கட்ட வேண்டாம். விண்டோஸ், மேக் இரண்டிலும் ஓடும். பிரிண்டரை யூஎஸ்பி கேபிளில் இணைத்து "ரீட் வேஸ்ட் கவுண்டர்ஸ்" பட்டனை அழுத்தினால் மெயின் பேட், பிளேட்டன் பேட் என்று தனித்தனியாக எத்தனை சதவீதம் என்று காட்டும். பிளேட்டன் பேட் என்பது விளிம்பு இல்லாமல் போட்டோ அடிக்கும்போது பேப்பருக்கு வெளியே சிதறும் மையை வாங்கிக்கொள்வது. வெறும் ஏ4 டாக்குமெண்ட் அடிப்பவர்களுக்கு மெயின் பேட் எண்தான் ஓடும். பூட்டு விழும்வரை காத்திருக்காமல், மூன்று மாதத்துக்கு ஒருமுறை இந்த எண்ணைப் பார்த்து வைத்துக்கொள்வதற்காகவே இதைக் கம்ப்யூட்டரில் போட்டு வைக்கலாம். இந்த ஒரு வசதிக்காகவே எனக்கு இந்த மென்பொருள் மேல் மரியாதை உண்டு.

அடுத்தது இலவச டிரையல் கீ. கீ கேட்கும் கட்டத்தில் டிரையல் என்று ஆங்கிலத்தில் தட்டினால் கவுண்டர் 90 சதவீதத்துக்கு இறங்கும். ஒரு பிரிண்டருக்கு ஒருமுறைதான். நாளைக் காலை பிள்ளைக்கு ப்ராஜெக்ட் அடித்தாக வேண்டும் என்ற நிலையில் இது போதும். இதில் இன்னொரு பெரிய பயனும் இருக்கிறது. டிரையல் வேலை செய்தால் உங்கள் மாடலில் காசு கொடுத்து வாங்கும் கீயும் வேலை செய்யும். அதனால் டிரையலைப் பார்க்காமல் கீ வாங்குவது தேவையில்லாத ஆபத்து.

காசு கொடுத்து வாங்கும் கீ அவர்கள் தளத்தில் பத்து டாலர் அளவில் இருக்கும். ஒரு கீ ஒரு ரீசெட்டுக்குத்தான். அடுத்தமுறை நிரம்பினால் மறுபடியும் வாங்க வேண்டும். இங்கே பலர் ரூபாயில் விற்கிறார்கள். அப்படி வாங்கினால், கீயை உடனே மென்பொருளில் உள்ள "செக் கீ" பகுதியில் போட்டுப் பாருங்கள். ஏற்கெனவே பயன்படுத்தியதா, எதற்கான கீ என்பது தெரிந்துவிடும். "எதற்கான" என்பது முக்கியம். சிப் இல்லாமல் ஓட வைக்கும் சிப்லெஸ் ஃபர்ம்வேர் கீ என்று வேறொன்றும் அதே இடத்தில் விற்கிறது. அது கார்ட்ரிட்ஜ் போடும் பிரிண்டர்களுக்கானது, விலையும் கூடுதல். மை ஊற்றும் எல் வரிசைக்கு அது தேவையே இல்லை.

ரீசெட் செய்யும் முறை எளிது, ஆனால் ஒழுங்காகச் செய்ய வேண்டும். எல்3150 வைஃபை பிரிண்டர் என்றாலும் வைஃபை வழியாக முயலாதீர்கள். யூஎஸ்பி கேபிளை ஹப் எதுவும் இல்லாமல் கம்ப்யூட்டரில் நேராகச் செருகுங்கள். எப்சன் டிரைவர் நிறுவியிருக்க வேண்டும். பிரிண்ட் கியூவில் தேங்கி நிற்கும் வேலைகளை எல்லாம் அழித்துவிடுங்கள். இன்னொரு எப்சன் பிரிண்டர் இணைந்திருந்தால் அதைக் கழற்றுங்கள். இன்டர்நெட் இணைப்பு இருக்க வேண்டும், கீயைச் சரிபார்ப்பது அவர்களுடைய சர்வர்தான். "ரீசெட் வேஸ்ட் கவுண்டர்ஸ்" அழுத்தி, கீயைக் கொடுத்து, ஓகே சொன்னால் ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். பிறகு பிரிண்டரை அணைக்கச் சொல்லும். பவர் பட்டனை அழுத்தி, விளக்கு முழுக்க அணையும்வரை பொறுங்கள். சுவரில் உள்ள ஸ்விட்சைத் தட்டக்கூடாது, பிளக்கைப் பிடுங்கவும் கூடாது. பவர் பட்டனால் அணைத்தால்தான் ஹெட் தன் இடத்தில் போய் கேப்பில் அமரும். மறுபடி ஆன் செய்து கவுண்டரைப் படித்துப் பாருங்கள். மெயின் பேட் பூஜ்ஜியமோ அதை ஒட்டிய எண்ணோ காட்ட வேண்டும்.

சிக்கல் வருவது பெரும்பாலும் இணைப்பில்தான். மென்பொருள் பிரிண்டரையே காணவில்லை என்றால் முதலில் கேபிளை மாற்றிப் பாருங்கள். பிரிண்டரைக் கண்டும் கவுண்டரைப் படிக்க முடியவில்லை என்றால், விண்டோஸில் எப்சன் ஸ்டேட்டஸ் மானிட்டர் 3 குறுக்கே நிற்கிறதா என்று பாருங்கள். அது பிரிண்டரோடு ஓயாமல் பேசிக்கொண்டே இருக்கும். பிரிண்டர் ப்ரிஃபரன்ஸில் மெயின்டனன்ஸ் பக்கம் போய், எக்ஸ்டெண்டட் செட்டிங்ஸில் அதற்கான டிக்கை எடுத்துவிட்டு, பிரிண்டரை அணைத்து ஆன் செய்து முயலுங்கள். அப்போதும் கவுண்டரைப் படிக்க முடியாத பிரிண்டருக்கு கீ வாங்காதீர்கள்.

இதற்குப் போட்டி, சர்வீஸ் ஆட்கள் பெரும்பாலும் வைத்திருக்கும் அட்ஜஸ்ட்மென்ட் புரோகிராம். எப்சன் தன் சர்வீஸ் மையங்களுக்காகச் செய்தது, வெளியே கசிந்து எங்கும் சுற்றுகிறது. அதில் மாடலையும் போர்ட்டையும் தேர்ந்தெடுத்து, பர்டிகுலர் அட்ஜஸ்ட்மென்ட் மோடுக்குள் போய், வேஸ்ட் இங்க் பேட் கவுண்டர் என்ற வரியைத் திறந்து, மெயின் பேடுக்கும் மற்ற பேடுக்கும் டிக் போட்டு, செக், பிறகு இனிஷியலைஸ், பிறகு ஃபினிஷ் என்று போக வேண்டும். ஒரு டிக்கை விட்டுவிட்டால் அந்தக் கவுண்டர் அப்படியே நிற்கும், பூட்டும் திறக்காது. 20000010 என்ற எண்ணோடு கம்யூனிகேஷன் எரர் வந்தால் போர்ட் தவறு அல்லது பிரிண்டர் ஆன் ஆகவில்லை.

காசு இல்லாமல் எத்தனைமுறை வேண்டுமானாலும் ரீசெட் செய்யலாம் என்பது அதன் கவர்ச்சி. ஆனால் கசிந்த பிரதிகளை இறக்கும்போது "ஆன்டிவைரஸை அணைத்துவிட்டு நிறுவவும்" என்று கூடவே ஒரு குறிப்பு இருக்கும். வங்கிக் கணக்கு, ஆதார் நகல், பிள்ளைகளின் சான்றிதழ் எல்லாம் இருக்கும் வீட்டுக் கம்ப்யூட்டரில் அதைச் செய்வது பத்து டாலரைவிடப் பெரிய விலை. இன்னொரு ஆபத்து அதன் உள்ளேயே இருக்கிறது. அதே பட்டியலில் ஹெட் ஐடி பதிவது, ஈஇபிராம் அமைப்பை மாற்றுவது, இனிஷியல் இங்க் சார்ஜ் என்று பல வரிகள் உண்டு. கை தவறி இனிஷியல் சார்ஜை ஓடவிட்டால், ஹெட்டையும் குழாய்களையும் புதிதாக நிரப்புவது போல ஏகப்பட்ட மையை உறிஞ்சி, இருக்கும் பேடிலேயே கொட்டும். தொழிலாகச் செய்பவர் கையில் அது நல்ல கருவிதான். வீட்டுக்கு வேண்டாம்.

வட அமெரிக்காவில் வாங்கிய பிரிண்டர்களுக்கு எப்சனே ஒருமுறை மட்டும் பயன்படுத்தக்கூடிய இலவச ரீசெட் மென்பொருள் தருகிறது, விண்டோஸுக்கு மட்டும். அங்கே உள்ள உறவினர்கள் கேட்டால் முதலில் அதைச் சொல்லுங்கள். இங்கே அந்த வசதி இல்லாததால்தான் இப்படி மூன்றாம் ஆள் கடைக்குப் போக வேண்டியிருக்கிறது. எல்லா நாட்டு வாடிக்கையாளருக்கும் அதைக் கொடுத்திருக்க வேண்டும்.

வாரண்டி இருக்கும்வரை எதையும் தொடாமல் சர்வீஸ் சென்டரிலேயே கொடுங்கள். அங்கே பேடை மாற்றி, கவுண்டரையும் அழித்துத் தருவார்கள்.

பேடை மாற்றாமல் விட்டால்

ரீசெட்டை மட்டும் செய்துவிட்டு ஓட்டினால் ஒருநாள் மேசையில் கறுப்பும் நீலமும் கலந்த குட்டை நிற்கும். அது மேசையோடு நின்றால் நல்லது. பேட் வழிந்து உள்ளே பரவினால் பவர் போர்டு பக்கம் போகும், உள்ளே நகர்வை அளக்கும் என்கோடர் சக்கரத்தில் ஒட்டும். அப்புறம் பிரிண்டர் தேறாது. முதல் ரீசெட்டிலேயே பேடையும் கவனித்துவிடுங்கள்.

எல்3110, எல்3150-இல் இது கடினமான வேலை இல்லை. பேட் ஒரு தனிப் பிளாஸ்டிக் பெட்டியில், பின்பக்கமாக, ஒரே ஒரு நட்சத்திரத் தலை ஸ்க்ரூவில் நிற்கிறது. பவர் பட்டனால் அணைத்து, கேபிளைக் கழற்றி, நான்கைந்து மடிப்பு நியூஸ்பேப்பரை விரியுங்கள். பிரிண்டரைச் சாய்க்கக்கூடாது. டேங்கில் மை இருக்கும்போது சாய்த்தால் மை கசியும், குழாய்களில் காற்றும் ஏறும். கையுறை கட்டாயம், டை (சாய) மை விரலில் ஏறினால் எளிதில் போகாது. ஸ்க்ரூவை எடுத்துப் பெட்டியை மெதுவாக வெளியே இழுத்தால் உள்ளிருந்து வரும் குழாய் தெரியும். அதை வெடுக்கென்று இழுக்காமல், முனையைப் பிடித்து உருவி, ஒரு டிஷ்யூவைச் சுற்றி வையுங்கள். குழாயில் நிற்கும் மை சொட்டும்.

பெட்டிக்குள் பேட் ஒரே துண்டாக இருக்காது. அடுக்காக வெவ்வேறு வடிவத்தில் வெட்டிய துண்டுகள் இருக்கும். எடுப்பதற்கு முன் போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள், எந்தத் துண்டு எதன் மேல் என்பதில் குழப்பம் வரும். குழாய் மை ஊற்றும் இடத்தில் மட்டும் பேட் தார் போலக் கறுத்துக் கெட்டியாகி, தூர மூலை இன்னும் வெள்ளையாக இருப்பதும் உண்டு. அப்படி இருந்தால் கவுண்டர் அவசரப்பட்டிருக்கிறது என்று அர்த்தம். கழுவிப் போட்டாலே இன்னொரு சுற்று தாராளமாக ஓடும்.

கழுவுவதென்றால் பழைய பக்கெட்டில் தண்ணீரும் கொஞ்சம் சோப்புத் தூளும் போட்டு ஊறவைத்து, பிழிந்து, தண்ணீர் ஓரளவு தெளிவாகும்வரை மாற்றிக்கொண்டே இருங்கள். முழு வெள்ளையாகாது, ஆக வேண்டியதும் இல்லை. முறுக்கிப் பிழிந்தால் ஃபெல்ட் பிரிந்துவிடும், உள்ளங்கையால் அழுத்துங்கள். நல்ல வெயிலில் இரண்டு நாள் காய வேண்டும். மேலே காய்ந்தது போலத் தெரிந்தாலும் நடுவில் ஈரம் நிற்கும். ஈரத்தோடு போட்டால் அந்த அளவுக்கு மை பிடிக்கும் இடம் குறையும்.

புது பேட் செட் இணையக் கடைகளிலும், சென்னையில் ரிச்சி தெரு போன்ற இடங்களிலும் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். கழுவும் சிரமத்தை நினைத்தால் புதிது வாங்குவதே மேல். மாடல் எண்ணைச் சொல்லி வாங்குங்கள். பஞ்சு, பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்ச், நாப்கின் என்று சிலர் திணிக்கிறார்கள். பஞ்சில் நூல் பிரிந்து குழாய் வாயை அடைக்கும். ஸ்பாஞ்ச் மையை உறிஞ்சும், ஆனால் கொஞ்சம் அழுத்தம் பட்டாலே கீழே விட்டுவிடும். நாப்கினில் உள்ள ஜெல் ஊதிப் பெருத்துப் பெட்டிக்குள் குழாயை நசுக்கும். குழாய் அடைபட்டால் பம்ப் இழுக்கும் மைக்குப் போக வழி இருக்காது. கேப்பில் மை தேங்கி ஹெட்டின் அடியில் ஒட்டும், நிறம் கலந்து அச்சு கெடும். ஹெட் போய்விட்டது என்று பயந்து மறுபடி மறுபடி கிளீனிங் கொடுத்தால் நிலைமை மோசமாகும். திரும்பப் பூட்டும்போது குழாய் மடங்காமல், பழைய வழியிலேயே போகிறதா என்று கண்ணால் பார்த்துவிட்டு ஸ்க்ரூவை இறுக்குங்கள்.

தினமும் நிறைய அடிக்கும் ஜெராக்ஸ் கடைகளில் பேடையே தவிர்த்து, குழாயை நீட்டி வெளியே ஒரு பாட்டிலில் விடுகிறார்கள். நல்ல ஏற்பாடுதான். பாட்டில் பிரிண்டரின் அடிமட்டத்தைவிடத் தாழ்வாக இருக்க வேண்டும். மூடியில் காற்றுப் போக ஒரு ஓட்டை வேண்டும். குழாயின் நுனி பாட்டிலில் சேரும் மைக்குள் முங்கக்கூடாது. நடுவில் குழாய் மேலேறி இறங்கும் வளைவும் கூடாது. சின்னக் குழந்தைகள் இருக்கும் வீட்டில் இந்த வேலை வேண்டாம்.

கேனன் வைத்திருப்பவர்களுக்கு

விக் ரீசெட் அடிப்படையில் எப்சனுக்கான கருவி. கேனன் ஜி2000, ஜி2010, ஜி3010 வகையில் ஈ08 என்றால் அப்சார்பர் (கேனனில் வேஸ்ட் இங்க் பேடின் பெயர்) நிரம்பப் போகிறது என்ற எச்சரிக்கை, பட்டனை அழுத்தித் தொடரலாம். பி07, அதாவது 5பி00, வந்துவிட்டால் பூட்டு. அதற்கு முதலில் சர்வீஸ் மோடுக்குப் போக வேண்டும். பிரிண்டரை அணைத்து, ஸ்டாப் பட்டனைப் பிடித்தபடி பவரை அழுத்திப் பிடியுங்கள். பவரை விடாமல், ஸ்டாப்பை விட்டு ஐந்துமுறை தட்டி, பிறகு பவரையும் விடுங்கள். அதன்பின் சர்வீஸ் டூல் என்ற மென்பொருளில் இங்க் அப்சார்பர் கவுண்டரில் மெயின், பூஜ்ஜியம் என்று வைத்து செட் கொடுக்க வேண்டும். 006 என்று எரர் வந்தால் சர்வீஸ் மோடுக்குள் சரியாகப் போகவில்லை என்று பொருள், மறுபடி தொடங்குங்கள். அந்த டூலும் கசிந்த சரக்குதான், மேலே சொன்ன வைரஸ் எச்சரிக்கை இதற்கும் பொருந்தும். எப்சன் போல ஒரு ஸ்க்ரூவில் பேட் கையில் வந்துவிடாது. அதனால் கேனனுக்கு நல்ல மெக்கானிக் ஒருவரிடம் கொடுப்பதே என் பரிந்துரை.

வாங்கலாமா

வாரண்டி முடிந்த எல்3110 வகை பிரிண்டர், டிரையல் கீ வேலை செய்கிறது, பேடையும் மாற்றத் தயார் என்றால் தயங்காமல் வாங்கலாம். கீயும் பேடும் சேர்த்துப் புது பிரிண்டர் விலையில் சிறு பகுதிதான் ஆகும். ஹெட்டில் ஏற்கெனவே கோடு கோடாக விழும் பழைய பிரிண்டருக்கு முதலில் டிரையல் கீயைப் போட்டு, நாசில் செக் (ஹெட்டின் துளைகள் அடைத்திருக்கின்றனவா என்று காட்டும் சோதனைப் பக்கம்) அடித்துப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். ஒவ்வொரு ரீசெட்டுக்கும் புது கீ என்பது எனக்குப் பிடிக்காத விஷயம். ஒரே பிரிண்டருக்கு ஒருமுறை கட்டினால் போதும் என்று இருந்திருந்தால் முழு மதிப்பெண் கொடுத்திருப்பேன்.

கவுண்டர் சீக்கிரம் ஏறுவதற்கு முக்கியக் காரணம் தேவையில்லாத கிளீனிங். நாசில் செக் பக்கத்தை அடித்துப் பார்க்காமல் கிளீனிங் கொடுக்காதீர்கள். மூன்றுமுறை கொடுத்தும் கோடு வராவிட்டால் 12 மணி நேரம் பிரிண்டரைச் சும்மா விட்டுவிட்டு மறுபடி பார்க்கச் சொல்கிறது எப்சன் கையேடு. பல சமயம் அந்த ஓய்விலேயே காற்றுக் குமிழ் அடங்கி நாசில் திறந்துவிடும். நிறைய மையை இழுத்துச் சுத்தம் செய்யும் பவர் கிளீனிங் கடைசி வழி. டேங்குகளில் குறைந்தது மூன்றில் ஒரு பங்கு மை இருந்தால்தான் அதைத் தொட வேண்டும். வாரம் ஒரு கலர் பக்கம் அடித்து வந்தாலே கிளீனிங் தேவை குறையும்.

புதிதாக வாங்கப் போகிறவர்கள் மெயின்டனன்ஸ் பாக்ஸ் (கழிவு மை சேரும், கழற்றி மாற்றக்கூடிய பெட்டி) உள்ள மாடலா என்று கடையில் கேளுங்கள். எப்சன் எல்6170, எல்6270 போன்றவற்றில் டி04டி1 என்ற பெட்டியை நாமே கழற்றிப் புதிது போட்டுவிடலாம். அதில் உள்ள சிப்பே கவுண்டரைப் புதிதாகத் தொடங்கிவிடும். கேனன் ஜி3020 வகையில் எம்சி-ஜி02 அதே வேலையைச் செய்கிறது. பிரிண்டர் விலை கொஞ்சம் கூடும், ஆனால் அதற்குக் கீயும் தேவையில்லை, ஸ்க்ரூடிரைவரும் தேவையில்லை.